எழுதியவர் விலகினால் சிரிப்பு என்னாகும்?

நாடகத்தில் நடிகர் ஒருவர் விலகினால் நாடு முழுவதும் அறியும். எழுத்தாளர் விலகினால் அடுத்த வீடுகூட அறியாது. கிழமைதோறும் ஒளிபரப்பாகும் நகைச்சுவைத் தொடர் ஒன்றை ஆண்டுக்கணக்காகப் பார்த்து மகிழும் குடும்பத்தினரைக் கேட்டுப் பாருங்கள். நடிகர்களின் பெயரையும், அவர்கள் நடையுடை பாவனைகளையும், எந்தச் சொல்லை எப்படி இழுத்துப் பேசுவார்கள் என்பதையும் ஒன்றுவிடாது கூறுவார்கள். அச்சொற்களை எழுதியவர் யார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர் பெயர் திரையிலே ஒரு கணம் தோன்றி மறைந்துவிடுகின்றது. பெரும்பாலும் அந்தக் கணத்திலேதான் வீட்டில் யாராவது தேநீர் எடுக்க எழுந்து செல்கின்றார்கள்.

ஆயினும், அந்தப் பெயர் மாறிய சில மாதங்களிலே, "முன்னைப்போல இல்லையே" என்ற குரல் வீட்டுக்குள் எழுகின்றது. அதே நடிகர்கள், அதே அரங்கு, அதே இசை. ஏதோ ஒன்று மாறிவிட்டது என்பது மட்டும் தெரிகின்றது. மாறியது யாது? சிரிப்பின் அளவு குறைந்துவிட்டதா, அன்றிச் சிரிப்பே வேறு வகையினதாகிவிட்டதா? இக்கேள்விக்கு நல்ல விடை தருவன, உலகெங்கும் புகழ்பெற்ற இரு அமெரிக்கத் தொடர்கள். ஒன்று, 1972ஆம் ஆண்டு தொடங்கி 1983ஆம் ஆண்டு முடிவுற்ற 'மாஷ்'. மற்றது, 1989ஆம் ஆண்டு தொடங்கி 1998ஆம் ஆண்டு முடிவுற்ற 'சைன்பெல்ட்'. இரண்டிலும் தலைமை எழுத்தாளர் நடுவழியில் விலகினார். இரண்டும் அதன் பின்னரும் வெற்றியோடு நடந்தன. இரண்டிலும் சிரிப்பு மாறியது. ஆனால் நேர் எதிரான திசைகளில் மாறியது.

நகையின் நான்கு ஊற்றுக்கள்

சிரிப்பு எங்கிருந்து பிறக்கின்றது என்பதை ஆராய்வதற்கு நாம் மேல்நாட்டு நூல்களைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை என்னும் சுவைக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்துத் தந்திருக்கின்றது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரை இகழ்ந்து நகுதல் எள்ளல். மழலைத் தன்மையைக் கண்டு நகுதல் இளமை. அறியாமை காரணமாகத் தோன்றுவது பேதைமை. மடன் என்பதற்கு உரைகாரர் தரும் விளக்கம் சுவையானது: பிறர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல்.

பரீட்சைக்காக மனனஞ் செய்து மறந்துவிடும் செய்தி இது என்று மாணவர்கள் எண்ணுதல் கூடும். ஆனால், ஒரு நகைச்சுவைத் தொடரை அளந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல கோல் கிடைப்பது அரிது. ஒரு தொடரில் இந்நான்கனுள் எது மிகுந்திருக்கின்றது, எது காலப்போக்கில் வற்றிவிடுகின்றது என்று கணக்கெடுத்தால், எழுத்தாளர் விலகியதன் விளைவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

தனிக்குரலும் கூட்டுக்குரலும்

முதலில் தொழில்முறையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். பிரித்தானியாவிலே நகைச்சுவைத் தொடர்களை ஒருவரோ இருவரோ எழுதுவது நெடுங்கால வழக்கம். ஆண்டொன்றுக்கு ஆறு அல்லது ஏழு அங்கங்களே தயாராகும். ஜோன் கிளீஸ், கொனி பூத் என்னும் இருவர் எழுதிய 'போல்டி டவர்ஸ்' தொடரில் மொத்தம் 12 அங்கங்களே உள்ளன. 1975இல் ஆறு, 1979இல் ஆறு. ஜிம்மி பெரி, டேவிட் குரொவ்ட் என்னும் இருவர் எழுதிய 'டாட்ஸ் ஆர்மி' 1968 முதல் 1977 வரை 80 அங்கங்கள் நடந்தது. தொடக்கம் முதல் இறுதிவரை அதே இரு பேனாக்கள். எழுத்தாளர் ஓய்ந்தால் தொடரும் ஓயும். எனவே, அங்கு எழுத்தாளரை இழந்த தொடர் என்ற நிலை எளிதில் ஏற்படுவதில்லை.

அமெரிக்காவிலே நிலை வேறு. அக்காலத்தில் அங்கே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 24 அங்கங்கள் தேவைப்பட்டன. தனியொருவர் அத்தனையையும் எழுதுதல் இயலாது. எனவே, பலர் எழுதுவார்கள். ஒருவர் தலைமை தாங்குவார். அந்தத் தலைமை எழுத்தாளர், பிறர் எழுதிக் கொண்டுவந்த பிரதிகளை வரிக்கு வரி திருத்தியும், சிலவேளை முற்றாக மாற்றியும் எழுதுவார். திரையில் வேறொருவர் பெயர் வந்தாலும், காதில் விழுவது அவருடைய குரலே. பத்துப்பேர் சமைத்தாலும் உப்புப் போடுகின்ற கை ஒன்றாக இருப்பது போன்றது இது. அந்தக் கை மாறும்போதுதான் சுவை மாறுகின்றது.

போர்முனையில் எழுந்த எள்ளல்

'மாஷ்' என்பது நடமாடும் இராணுவச் சத்திரசிகிச்சை மருத்துவமனை என்ற பொருளுடைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களால் ஆகிய சொல். 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த கொரியப் போரிலே, போர்முனைக்கு அண்மையில் கூடாரங்களுள் இயங்கிய மருத்துவமனை ஒன்றே கதைக்களம். 1968இல் நாவலாகவும் 1970இல் திரைப்படமாகவும் வெளிவந்த இக்கதையைத் தொலைக்காட்சிக்கு ஏற்ப அமைத்தவர் லரி கெல்பார்ட். இளமையிலேயே வானொலிக்கு எழுதத் தொடங்கி, பொப் ஹோப், சிட் சீஸர் முதலிய பெரும் நகைச்சுவை நடிகர்களுக்கு எழுதிப் பயின்றவர் அவர். தயாரிப்பாளர் ஜீன் ரெனோல்ட்ஸ் அவருக்குத் துணைநின்றார்.

கெல்பார்ட் தலைமை தாங்கிய முதல் நான்கு ஆண்டுகளில், தொடரின் உயிர்நாடி எள்ளல். எள்ளப்பட்டது யார்? இராணுவ நிருவாகமும், போரும், போரை நடத்துவோரின் மூடத்தனமும். குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் கருவிக்குரிய பெயரால் வழங்கப்படும் 'இன்கியூபேற்றர்' என்ற அங்கத்தை எடுத்துக்கொள்வோம். நோய்க்கிருமிகளை வளர்த்து ஆராய்வதற்கு அத்தகைய பெட்டி ஒன்று வைத்தியர்களுக்குத் தேவைப்படுகின்றது. களஞ்சிய அதிகாரியிடம் மூன்று இருக்கின்றன. ஒன்றைக் கொடுத்தால் தம்மிடம் இரண்டுதானே எஞ்சும் என்று அவர் கவலைப்படுகின்றார். அரச அலுவலகம் ஒன்றின் படியேறி இறங்கிய எவருக்கும் இந்தச் சிரிப்புப் புரியும்.

'டட்டில்' என்ற அங்கம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. இல்லாத ஓர் அதிகாரியை வைத்தியர் ஹோக்ஐ பியர்ஸ் கற்பனை செய்கின்றார். காகிதத்தில் பெயர் ஏறிவிடுகின்றது. பெயருக்குச் சம்பளம் வருகின்றது. அது அநாதைச் சிறுவர்களுக்குப் போய்ச் சேர்கின்றது. இறுதியில் அந்த இல்லாத மனிதருக்கு விருது வழங்கத் தளபதியே வந்துவிடுகின்றார். வேறு வழியின்றி, பரசூட் இல்லாமலே ஹெலிகொப்டரிலிருந்து குதித்து அவர் இறந்துவிட்டதாகக் கதை கட்டவேண்டியிருக்கின்றது. இதனை எழுதியவர்கள் வேறு இருவர். எனினும், காகிதம் மனிதனை விழுங்கும் விந்தையைக் காட்டும் அந்தப் பார்வை கெல்பார்ட் காலத்துத் தொடர் முழுவதிலும் ஊடுருவி நின்றது.

மற்ற மூன்று ஊற்றுக்களும் அன்று வற்றாது ஓடின. நாட்டுப்புறத்திலிருந்து வந்து, கரடிப் பொம்மையை அணைத்துத் துயிலும் இலிகிதன் ராடார், இளமைக்கு எடுத்துக்காட்டு. தன் கீழுள்ளவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் கையொப்பமிடும் தளபதி ஹென்றி பிளேக், பேதைமைக்கு. தேசபக்தி, ஒழுங்கு, கட்டுப்பாடு என்று பிறர் புகட்டிய சொற்களைப் பற்றிக்கொண்டு, அவற்றின் பொருளை ஒருநாளும் அறியாத வைத்தியர் பிராங் பேர்ன்ஸ், மடனுக்கு. உரைகாரர் தந்த விளக்கத்திற்கு இவரைவிடப் பொருத்தமான உருவம் கிடைப்பது அரிது.

ஒன்றை ஈண்டு மறவாது குறிப்பிடல் வேண்டும். தொடர் தொடங்கியபோது வியட்நாம் போர் முடிந்திருக்கவில்லை. கொரியாவைக் காட்டினாலும், பார்ப்போர் மனத்திலே எழுந்தது வியட்நாமே. எள்ளலுக்குக் கூர்மை தந்தது அதுவே. சி.பி.எஸ். நிறுவனம், பார்வையாளர் சிரிப்பதுபோன்ற ஒலிப்பதிவைத் தொடரிலே சேர்க்கவேண்டும் என்று வற்புறுத்தியது. சத்திரசிகிச்சைக் கூடத்துக் காட்சிகளில் மட்டும் அச்சிரிப்பொலி வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் வாதாடி வென்றார்கள். எங்கே சிரிக்கலாம், எங்கே சிரிக்கலாகாது என்ற எல்லையை எழுத்தாளர் தாமே வகுத்தார் என்பதற்கு இதுவே சான்று.

அந்த எல்லையை அவர்கள் வேண்டுமென்றே மீறிய நாளும் உண்டு. 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆந் திகதி ஒளிபரப்பாகிய அங்கத்தில், பணி முடிந்து வீடு திரும்பும் ஹென்றி பிளேக்கைச் சிரிப்பும் கண்ணீருமாக வழியனுப்புகின்றார்கள். இறுதிக் காட்சியில் ராடார் சத்திரசிகிச்சைக் கூடத்துள் நுழைந்து, அவர் சென்ற விமானம் கடலில் வீழ்த்தப்பட்டது, எவரும் தப்பவில்லை என்று அறிவிக்கின்றான். அக்காட்சிக்குரிய தாளைக் கடைசி நேரம் வரை நடிகர்களுக்குக் காட்டாது வைத்திருந்தார்கள். நகைச்சுவைத் தொடரில் இப்படியும் செய்யலாமா என்று கோபித்துப் பலர் கடிதம் எழுதினார்கள். போரிலே நல்லவர்களும் வீடு திரும்புவதில்லை என்ற உண்மையைச் சிரிக்கவைத்தவரே சொன்னதால்தான் அந்த அடி அத்துணை வலித்தது.

கெல்பார்ட் சென்றபின்

நான்கு ஆண்டுகளில் தம்மால் இயன்றதையெல்லாம் செய்துவிட்டதாக உணர்ந்த கெல்பார்ட் 1976இல் விலகினார். அவர் எழுதி இயக்கிய இறுதி அங்கம் 'பேட்டி'. கறுப்பு வெள்ளையில், உண்மையான செய்தியாளர் கிளீட் ரொபேர்ட்ஸ் என்பவர் வைத்தியர்களையும் படையினரையும் பேட்டி காண்பதாக அமைந்தது அது. மறு ஆண்டில் ரெனோல்ட்ஸும் வேறு தொடருக்குச் சென்றார். பேர்ட் மெட்காவ் பொறுப்பேற்றார். கதாநாயகன் ஹோக்ஐயாக நடித்த அலன் அல்டா, எழுதுவதிலும் இயக்குவதிலும் முன்னிலும் பெரிய பங்கு கொண்டார்.

விளைவு மெல்ல மெல்லத் தெரிந்தது. 1977இல் பிராங் பேர்ன்ஸாக நடித்த லரி லின்வில் விலகினார். அவருடைய இடத்திற்கு வந்த வின்செஸ்டர், பொஸ்ரன் நகரத்துச் செல்வக்குடியில் பிறந்தவர்; செருக்குடையவர்; ஆனால் கைதேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர், சங்கீத இரசிகர். பேர்ன்ஸை எள்ளலாம், வின்செஸ்டரோடு வாதிடத்தான் முடியும். மடன் என்ற ஊற்று அன்றே அடைபட்டது. 1979இல் ராடாரும் வீடு சென்றான். இளமை என்ற ஊற்றும் வற்றியது. இராணுவத்திலிருந்து தப்புவதற்காகப் பெண்ணுடை தரித்துத் திரிந்த கிளிங்கர், ராடாரின் இடத்தில் இலிகிதராகி, அவ்வேடத்தைக் களைந்து பொறுப்புள்ள மனிதரானார். ஒவ்வொருவராக எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். எல்லோரும் நல்லவர்களாகிய வீட்டில் எள்ளுவதற்கு யார் இருக்கின்றார்கள்?

எனவே, சிரிப்பு மேலிடத்தை விட்டுவிட்டுத் தன் கூடாரத்துள்ளே திரும்பியது. வைத்தியர்கள் ஒருவரையொருவர் ஏய்க்கும் குறும்புகள் பெருகின. அவற்றின் முடிவிலே நட்பும் மன்னிப்பும் வந்தன. எள்ளியவரே பாடம் கற்கும் கதைகளும் வந்தன. 1979இல் அல்டா எழுதிய 'இங்கா' என்ற அங்கத்தில், சுவீடன் நாட்டுப் பெண் வைத்தியர் ஒருவர் தம்மிலும் திறமைசாலி என்பதை ஏற்கமுடியாது தடுமாறும் ஹோக்ஐ, இறுதியில் தம் ஆணவத்தை உணர்கின்றார். அதனை எழுதியமைக்காக அல்டா எமி விருது பெற்றார். நல்ல கதைதான், ஆனால் அங்கே சிரிப்பு, பாடத்திற்குப் போர்த்திய சீனியாகிவிட்டது.

இழப்பு மட்டுமா?

இவ்வளவையும் கூறி, கெல்பார்ட் சென்றதும் தொடர் கெட்டது என்று முடித்துவிடல் நேர்மையன்று. எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் பார்த்தல் வேண்டும்.

தொடக்ககால எள்ளல், பெண்களிடத்தில் இரக்கமற்றது. தலைமைத் தாதி மார்கரெட் ஹூலிஹனைக் கொச்சையான பட்டப்பெயரால் அழைத்து நகுவது அன்று வழக்கம். மற்றத் தாதியருக்கு முகமும் இல்லை. பெயரும் நிலையாக இல்லை. கெல்பார்ட்டின் காலத்திலேயே, லிண்டா பிளட்வேர்த், மேரி கே பிளேஸ் என்னும் இரு பெண் எழுத்தாளர்கள் மார்கரெட்டின் தனிமையைக் காட்டும் அங்கம் ஒன்றை 1973இல் எழுதினார்கள். அவர் விலகிய ஆண்டிலே பிளட்வேர்த் எழுதிய 'தாதியர்' என்ற அங்கத்தில் அந்த விதை முளைத்தது. தொடரின் பிற்பகுதியில் மார்கரெட் நகைப்பிற்குரிய பொருளாக இல்லாது முழு மனுஷியாக நிமிர்ந்து நின்றார். எள்ளல் குறைந்ததனால் ஏற்பட்ட இலாபம் இது.

மேலும், பின்வந்தோர் வடிவத்திலே துணிவு காட்டினார்கள். 1978இல் வந்த ஓர் அங்கம் முழுவதும், பேச இயலாத ஒரு காயமுற்ற போர்வீரனின் கண்வழியாகவே காட்டப்பட்டது. எழுதியவர்கள் கென் லெவின், டேவிட் ஐசக்ஸ் என்னும் இளைஞர் இருவர். 1979இல் வந்த மற்றோர் அங்கத்தில், திரையின் மூலையிலே கடிகாரம் ஒன்று ஓட, ஓர் உயிரைக் காப்பதற்குள்ள நிமிடங்கள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன. இவை நகைச்சுவைக்காக நினைவில் நிற்பன அல்ல. எனினும் நினைவில் நிற்கின்றன.

1983ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி, இரண்டரை மணி நேர இறுதி அங்கத்தை அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடியே 60 இலட்சம் மக்கள் பார்த்தார்கள். அதிலே, சரணடைந்த சீன வாத்தியக்காரர் சிலருக்கு மோட்சார்ட்டின் இசையை வின்செஸ்டர் கற்றுக் கொடுக்கின்றார். பின்னர் அவர்கள் கொல்லப்பட்டதை அறிகின்றார். போரின் நடுவே அவருக்கு அடைக்கலமாக இருந்த சங்கீதம், அன்றுமுதல் போரையே நினைவூட்டும் பொருளாகின்றது. கெல்பார்ட்டின் எள்ளல் இத்தகைய காட்சியைத் தந்திருக்குமா என்பது ஐயமே. அதே வேளையில், சிறந்த நகைச்சுவைத் தொடர் என்ற எமி விருது 'மாஷ்' தொடருக்கு ஒரே ஒருமுறை, 1974இல், கெல்பார்ட்டின் காலத்திலேயே கிடைத்தது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

காலத்தின் பங்கையும் ஒதுக்குதல் ஆகாது. 1975இல் வியட்நாம் போர் முடிவுற்றது. எள்ளலின் இலக்கு மங்கியது. மூன்று ஆண்டு நடந்த கொரியப் போரைப் பதினொரு ஆண்டு காட்டவேண்டியிருந்தது. எந்தப் பேனாவும் அதனால் சோர்ந்திருக்கும். ஆகவே, எழுத்தாளர் விலகியது மாற்றத்தின் ஒரே காரணம் அன்று. ஆனால் மாற்றம் எந்த வழியிலே செல்லும் என்பதைத் தீர்மானித்த காரணம் அதுவே. பேனா கைமாறியபோது, அதனைப் பற்றியவர்கள் மனச்சாட்சியுள்ள நடிகரும், உண்மை வைத்தியர்களின் அநுபவங்களைக் கேட்டறிந்து எழுதியவர்களும். அவர்கள் கையிலே சிரிப்பு கனிந்தது. கனிந்ததனால் கூர் மழுங்கியது.

அற்பங்களின் நாடகம்

இனி மற்றத் தொடருக்கு வருவோம். நியூ யோர்க் நகரத்து நண்பர் நால்வரின் அன்றாட அற்பங்களே 'சைன்பெல்ட்' தொடரின் பொருள். மேடை நகைச்சுவையாளர் ஜெரி சைன்பெல்ட்டும் லரி டேவிட்டும் இதனை உருவாக்கினார்கள். பிறர் எழுதிய பிரதிகளை இருவருமாகவே இறுதியில் திருத்தி எழுதினார்கள். கட்டித் தழுவுதலும் இல்லை, பாடம் கற்பதும் இல்லை என்பது அவர்களுடைய விதி. 'மாஷ்' தொடரின் பிற்பகுதி எங்கே போய்ச் சேர்ந்ததோ, அங்கே ஒருபோதும் போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்துகொண்டது போன்றது இது.

டேவிட் எடுத்துக்கொண்ட பொருள் மனித மனத்தின் சிறுமை. 1991இல் வந்த ஓர் அங்கம் முழுவதும் சீன உணவகம் ஒன்றிலே மேசைக்காகக் காத்திருப்பதுதான். வேறு நிகழ்ச்சி இல்லை. ஆனால், பசியும் பொறுமையின்மையும் நாகரிக மனிதரை எவ்வளவு அற்பராக்குகின்றன என்பதை அந்தக் காத்திருப்புக் காட்டிவிடுகின்றது. வேலையைக் கோபத்தோடு உதறிவிட்டு, பின்னர் ஒன்றும் நடவாததுபோல் திங்கட்கிழமை மீண்டும் வந்தமர்ந்த தம் சொந்த அநுபவத்தைக்கூட அவர் கதையாக்கினார். இங்கும் எள்ளல்தான், எள்ளப்படுவது மேலிடம் அன்று, நாமே.

1996இல், ஏழாம் ஆண்டின் முடிவில், டேவிட் விலகினார். விலகுமுன் அவர் எழுதிய அங்கத்தில், மலிவான திருமண அழைப்பிதழ் உறைகளின் பசையை நக்கி ஒட்டியதனால் மணப்பெண் இறந்துவிடுகின்றாள். மணமகனும் நண்பர்களும் சற்று நேரம் திகைத்து நின்று, பின்னர் கோப்பி அருந்தப் புறப்படுகின்றார்கள். 'மாஷ்' தொடரிலும் மரணம்; இங்கும் மரணம். அங்கே சிரிப்பு திடீரெனக் கண்ணீராகியது. இங்கே கண்ணீர் வரவேண்டிய இடத்தில் அது வரவில்லை என்பதே சிரிப்பு. நெஞ்சைக் குளிரவைக்கும் சிரிப்பு இது. எல்லார்க்கும் பிடிப்பதன்று.

டேவிட் சென்றபின் பொறுப்பு முழுவதும் சைன்பெல்ட்டின் தலையில் விழுந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் அவர் மேடையில் நின்று பேசும் பகுதிகள் கைவிடப்பட்டன. இளைய எழுத்தாளர்கள் முன்னுக்கு வந்தார்கள். கதை வேகம் பெற்றது, விந்தை மிகுந்தது. நண்பர்களுள் மூவருக்கு நேர்மாறான நற்பண்புடைய மூவர் தோன்றினார்கள். குப்பையிலே கண்டெடுத்த பழைய தொலைக்காட்சி அரங்கப் பொருள்களை ஒருவர் தம் வீட்டில் அமைத்து, வருவோர் போவோரைப் பேட்டி காண்கின்றார். ஓர் அங்கம் முழுவதும் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் பின்னோக்கி ஓடியது. இவை மூன்றும் மெய்யாகவே சிரிப்பூட்டுவன. ஆனால், "இது நம் வீட்டிலும் நடந்ததே" என்று நாணிச் சிரித்த இடத்தில், "இப்படியும் நடக்குமா!" என்று வியந்து சிரிக்கும் நிலை வந்தது. தன்னைத்தான் எள்ளும் சிரிப்பு, வேடிக்கை பார்க்கும் சிரிப்பாயிற்று.

மக்கள் கூட்டம் குறைந்ததா? இல்லை. ஒன்பதாவது ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே முதலிடம் பெற்றது இதுவே. 1998இல் இறுதி அங்கத்தை எழுத டேவிட் திரும்பி வந்தார். ஒருவன் கொள்ளையடிக்கப்படும்போது உதவாது நின்று நகைத்த நால்வரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, சிறை செல்கின்றார்கள். பார்த்தவர்களுள் பலர் ஏமாற்றம் அடைந்தார்கள். இரண்டாண்டு இடைவெளியில் பார்ப்போர் வேறொரு சிரிப்புக்குப் பழகிவிட்டார்கள் போலும். பழைய சமையற்காரர் திரும்பி வந்து பழைய கசப்பையே பரிமாறியபோது, அவர்கள் நாவு அதனை ஏற்கவில்லை.

ஆறு திசைமாறிய கதை

எழுத்தாளரோடு எது சென்றது என்பதை அறிய மற்றொரு வழியும் உண்டு. அவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தல் வேண்டும்.

பிரித்தானியாவிலே ரொனி ஹான்கொக் 1950களில் ஈடிணையற்ற நகைச்சுவை நடிகர். முதலில் வானொலியிலும், 1956 முதல் 1961 வரை பி.பி.சி. தொலைக்காட்சியிலும் அவர் பேசிய சொற்களை எழுதியவர்கள் ரே கோல்டன், அலன் சிம்ஸன் என்னும் இருவர். 1961இல் ஹான்கொக் தம் எழுத்தாளர்களை விட்டுப் பிரிந்தார். மறு ஆண்டே அவ்விருவரும், பழம் பொருள் சேர்த்து விற்கும் ஒரு தந்தையையும் மகனையும் பற்றி 'ஸ்டெப்டோ அன்ட் சன்' என்ற தொடரைத் தந்தார்கள். கனவு பெரிது, வாழ்க்கை சிறிது என்ற அதே துயரச் சிரிப்பு அங்கே மீண்டும் ஓடியது. அத்தொடர் 1974 வரை புகழோடு விளங்கியது. ஹான்கொக்கோ பழைய சிறப்பை மீண்டும் எட்டவில்லை. 1968இல் சிட்னி நகரிலே காலமானார். முகம் ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலும் பிரிந்து நின்றன. சிரிப்பு குரலின் பின்னே சென்றது.

லரி டேவிட்டும் அவ்வாறே 2000ஆம் ஆண்டு தமக்கெனச் சொந்தத் தொடர் ஒன்றைத் தொடங்கி, தாமே நடித்தார். 'கேர்ப் யுவர் என்தூசியாஸம்' என்ற அத்தொடர் 2024 வரை நடந்தது. 'சைன்பெல்ட்' தொடரின் இறுதி ஆண்டுகளில் காணாமற்போன அந்தச் சிறுமையின் ஆராய்ச்சி, சற்றும் குறையாமல் அங்கே உயிரோடிருந்தது.

மாணவர்களுக்கு ஒரு சொல்

இவற்றைத் தொகுத்து நோக்கினால் புலப்படுவது ஒன்று. தலைமை எழுத்தாளர் விலகும்போது பகிடிகள் தீர்ந்துபோவதில்லை. கெட்டிக்காரர்கள் எங்கும் உண்டு. பகிடிகள் வந்துகொண்டே இருக்கும். மாறுவது சிரிப்பின் இலக்கு. யாரைப் பார்த்துச் சிரிக்கின்றோம், எதற்காகச் சிரிக்கின்றோம் என்பதே மாறுகின்றது. கெல்பார்ட் அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கவைத்தார். பின்வந்தோர் நண்பர்களோடு சேர்ந்து சிரிக்கவைத்தார்கள். டேவிட் நம்மையே பார்த்துச் சிரிக்கவைத்தார். பின்வந்தோர் உலகத்தின் விந்தையைப் பார்த்துச் சிரிக்கவைத்தார்கள்.

இது சிறிய செய்தி அன்று. ஒரு குடும்பம் ஒன்றாக அமர்ந்து எதைப் பார்த்துச் சிரிக்கின்றதோ, அதை அக்குடும்பத்துப் பிள்ளைகள் சிரிப்பிற்குரியது என்று கற்றுக்கொள்கின்றார்கள். மேலிடத்து மூடத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்றவன் ஒருவகை மனிதனாக வளர்வான். தாதியின் பட்டப்பெயரைக் கேட்டுச் சிரிக்கக் கற்றவன் வேறுவகை மனிதனாக வளர்வான். ஒரே தொடர், ஒரே ஆண்டிலே இவ்விரண்டையும் கற்பித்தது என்பதை மேலே கண்டோம். எனவே, சிரிப்பைத் தருபவர் யார் என்று அறிந்திருத்தல், சோறு தருபவர் யார் என்று அறிந்திருத்தலைப் போன்றதே.

எழுத்திலே நாட்டமுள்ள மாணவர்கள் ஒரு சிறிய பயிற்சி செய்து பார்க்கலாம். நெடுங்காலம் நடந்த நகைச்சுவைத் தொடர் ஒன்றின் தொடக்க அங்கம் ஒன்றையும் இறுதிக்கால அங்கம் ஒன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை சிரிப்பு வரும்போதும், சிரிக்கப்பட்டவர் யார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனுள் அது எதனைச் சார்ந்தது என்றும் எழுதுங்கள். இரு தாள்களையும் ஒப்பிட்டபின், எழுத்தாளர் பெயர் எந்த ஆண்டில் மாறியது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் தாளே அந்த ஆண்டைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்த முறை திரையிலே அந்தப் பெயர் ஒரு கணம் தோன்றும்போது, தேநீருக்கு எழுந்து செல்லாதீர்கள். அதை வாசித்துவிட்டுச் செல்லுங்கள்.